பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம்: மலையக மாணவருக்கு ஒரு தொடக்க விளக்கம்

நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸை எட்டும்போதே கொதித்துவிடும். கொழும்பில் 100. நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வளியமுக்கம் குறைவு, ஆகவே கொதிநிலையும் குறைவு. பருப்பு வேக நேரம் எடுப்பதும் அதனால்தான். சாதாரணதர வகுப்பில் இவ்வளவும் வந்துவிடும்.

பட்டப்படிப்புக்கு வந்த மாணவி இதையே கணக்காகச் செய்வாள். அங்கே அமுக்கம் சுமார் 81 கிலோபஸ்கால், நீர் ஆவியாவதற்கான மறைவெப்பம் மூலுக்கு ஏறத்தாழ 40.7 கிலோயூல். அமுக்கத்தையும் கொதிநிலையையும் தொடர்புபடுத்தும் கிளோசியஸ்–கிளாப்பிரோன் சமன்பாட்டில் இவற்றைப் போட்டால் 93.7 பாகை வரும். சரியா பிழையா என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

இனி, அதே பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அமுக்கம் குறைந்த இடத்தில் குமிழ்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்து எழுகின்றன. அடிப்பரப்பின் எந்தக் கீறலில் முதல் குமிழ் பிறக்கும்? வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஆவிப்படலம் அடியை முழுதாக மூடிவிடும், பிறகு வெப்பம் நீருக்குள் இலகுவில் போகாது, உலோகம் சிவந்துவிடும். அந்த எல்லையை முன்கூட்டியே சொல்ல முடியுமா? நுக்கியாமா என்ற ஜப்பானியர் 1934இல் கொதித்தலின் வளைவை, அதாவது பரப்பின் வெப்பநிலை ஏற ஏற நீருக்குள் போகும் வெப்பம் எப்படி மாறுகிறது என்பதை, பரிசோதனை செய்து வரைந்து காட்டினார். ஆனாலும் ஒரு பரப்பின் சொரசொரப்பை மட்டும் பார்த்து இந்த எல்லையை நம்பிக்கையோடு கணிப்பது இன்றுவரை முடிந்த வேலை இல்லை. இந்தக் கேள்விக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. அதில் ஒரு சிறு துண்டை எடுத்து, மூன்று நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டி, "இவ்வளவு தெரியவந்தது, இவ்வளவு வழுவோடு" என்று அந்தத் துறையை அறிந்தவர்கள் ஏற்கும்படி எழுதிக் கொடுப்பதுதான் கலாநிதி ஆய்வு.

புலமைப்பரிசில், சாதாரணதரம், உயர்தரம், பட்டம் என்று ஏறிவந்த ஏணியின் உச்சிப்படி இது என்றே பல வீடுகளில் நினைக்கிறார்கள். அந்த நினைப்போடு வருகிறவர்கள்தான் முதல் வருடத்திலேயே திணறுகிறார்கள். உண்மையில் இது தொழில் பழகுவதற்குக் கிட்டிய விஷயம். தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கருக்குக் கீழே வேலை பழகுகிறவரை எண்ணிப் பாருங்கள். கொழுந்து வாடுவதன் விஞ்ஞானம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மழை நாளில் நனைந்து வந்த கொழுந்தை எத்தனை மணித்தியாலம் வாட்டுவது என்பதை, கையில் கசக்கியும் மோந்து பார்த்தும், சில தடவை தூளைக் கெடுத்தும்தான் பழக முடியும். கலாநிதி மாணவருக்கு மேற்பார்வையாளர்தான் டீ மேக்கர். கெட்டுப்போகும் தூளுக்கும் அங்கே குறைவில்லை.

பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். நாம் கலாநிதி என்பதைத்தான் தமிழ்நாட்டில் முனைவர் என்கிறார்கள். நாம் பௌதிகவியல் என்பது அவர்களுக்கு இயற்பியல். இணையத்தில் தேடும்போது இரண்டு சொற்களையும் போட்டுத் தேடுங்கள். இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், முதுதத்துவமாணி (எம்ஃபில் என்ற ஆய்வுப் பட்டம்) 11, கலாநிதி 12. முதுதத்துவமாணிக்குக் குறைந்தது இரண்டு வருட முழுநேர ஆய்வும் கலாநிதிக்குக் குறைந்தது மூன்று வருடமும் வேண்டும். குறைந்தது என்ற சொல்லைக் கவனியுங்கள், மூன்று வருடத்தில் முடிப்பவர்கள் அரிது.

ஆய்வுகூடத்தில் ஒரு நாள்

கண்டி நகருக்கு மேலே, ஹந்தானை வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. சூரியக்கலங்கள், திண்ம மின்பகுபொருள்கள் பற்றிய பௌதிகவியல் ஆய்வு அங்கே நெடுநாளாக நடக்கிறது. அந்தத் துறையிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுப்போம், ஏனென்றால் நம் மண்ணில் உண்மையாகச் செய்யக்கூடிய வேலை அது.

சாயமூட்டிய சூரியக்கலத்தின் இன்றைய வடிவத்தை ஓரிகனும் கிரெற்செலும் 1991இல் வெளியிட்டார்கள். செய்முறை கேட்க எளிது. மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடியில் டைட்டேனியம் டைஒட்சைட்டுப் பசையை மெல்லியதாகப் பூசி, 450 பாகையில் அரைமணி நேரம் சுட்டால் பத்து மைக்ரோமீற்றர் அளவு தடிப்புள்ள வெண்படலம் கிடைக்கும். அதை ருத்தேனியம் சாயக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, பிளாட்டினம் பூசிய இன்னொரு கண்ணாடியை எதிரே வைத்து, இடையில் அயடைட்டு மின்பகுபொருளை விட்டால் கலம் தயார். சதுரசென்ரிமீற்றருக்கு 100 மில்லிவாற்று ஒளியில் வைத்து மின்னோட்டமும் மின்னழுத்தமும் அளக்கவேண்டும்.

புதியவர் விடும் முதல் பிழை, கண்ணாடியின் எந்தப் பக்கம் மின்கடத்தும் என்று பாராமல் மறுபக்கத்தில் பூசுவது. கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மல்டிமீற்றரின் இரண்டு முனைகளையும் வைத்தால் பூச்சுள்ள பக்கம் சில பத்து ஓம் காட்டும், மற்றப் பக்கம் ஒன்றும் காட்டாது. பத்துச் செக்கன் வேலை. செய்யாவிட்டால் இரண்டு நாள் வீண்.

அடுத்தது வெடிப்பு. பசையைத் தடிப்பாகப் பூசினால், அல்லது உலையிலிருந்து அவசரமாக வெளியே எடுத்தால், படலம் காய்ந்த வயல் மாதிரிப் பிளக்கும். மூன்றாவது, மலைநாட்டுக்கே உரிய தொல்லை: ஈரலிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆய்வுகூடத்து வளியிலுள்ள நீராவி படலத்தின் நுண்துளைகளில் ஏறிக்கொண்டால் சாயம் சரியாக ஒட்டாது. அதனால்தான் சுட்ட படலத்தை முழுதாக ஆறவிடாமல், 80 பாகை அளவில் இருக்கும்போதே சாயத்தில் இறக்குவார்கள்.

இவையெல்லாம் கைப்பிழைகள், கண்ணில் படும். ஆபத்தானது கண்ணில் படாத பிழை. ஒரு கலம் 3 மில்லிஅம்பியர் தருகிறது என்று வைப்போம். ஒளிபடும் பரப்பு 0.25 சதுரசென்ரிமீற்றர் என்றால் சதுரசென்ரிமீற்றருக்கு 12 மில்லிஅம்பியர். திறந்த சுற்று மின்னழுத்தம் 0.70 வோல்ட், நிரப்புக் காரணி (அந்த இரண்டின் பெருக்கத்தில் உண்மையில் எடுக்கக்கூடிய வலுவின் பங்கு) 0.62. மூன்றையும் பெருக்கினால் 5.2 மில்லிவாற்று, அதாவது வினைத்திறன் 5.2 சதவீதம். இப்போது அந்தப் பரப்பை 0.20 என்று அளந்துவிட்டால்? அதே கலம் 6.5 சதவீதமாகிவிடும். ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத அளவுப் பிழை ஒரு 'கண்டுபிடிப்பை' உண்டாக்கிவிட்டது. கலத்தின் மேல் கறுப்பு முகமூடித் தகடு வைக்காவிட்டால் கண்ணாடி ஓரங்களால் சிதறி வரும் ஒளியும் உள்ளே புகுந்து மின்னோட்டத்தை ஊதிப் பெருப்பிக்கும். பேறு நன்றாக வந்த நாளில்தான் கூடச் சந்தேகப்படவேண்டும். இந்தப் பழக்கம் உயர்தர வினாத்தாள்களில் வளராது. எதிர்பார்த்த விடை வந்தவுடன் அடுத்த கணக்குக்குப் போய்ப் பழகிய கைகள் அவை.

வழுவைப் பற்றி இன்னொன்று. எழுந்தமான வழு, வாசிப்புகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால்தான் குறையும். ஒரு வாசிப்பில் 2 சதவீதச் சிதறல் இருந்தால் நூறு வாசிப்பில் சராசரியின் வழு 0.2 சதவீதமாகும். 0.1க்கு இறக்க நானூறு வாசிப்பு வேண்டும். வழு பாதியாக வேலை நான்கு மடங்கு. அதனால் ஒரு கட்டத்துக்குமேல் வாசிப்புகளைக் கூட்டுவதில் பயனில்லை, கருவியைத் திருத்தவேண்டும், முறையை மாற்றவேண்டும். பரப்பை பிழையாக அளந்த மாதிரியான ஒருபக்க வழு, நானூறு என்ன, நாலாயிரம் வாசிப்பு எடுத்தாலும் அசையாது.

எல்லாரும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கணினியில் மாதிரியமைத்து ஆய்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் இதே சந்தேகம் தொழிற்கருவி: நேரப்படியை, அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் சிறு நேர இடைவெளியை, பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். விடை மாறினால், வந்தது இயற்கையின் விடை அல்ல, நேரப்படியின் விடை. கோட்பாட்டுப் பௌதிகவியலில் பேனாவும் தாளும் போதும் என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். இடங்கள் அங்கேதான் குறைவு, போட்டி அங்கேதான் கூட. முதல்முறை தேடுகிறவர்கள் பரிசோதனைக் குழுக்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது புத்தி.

ஒரு கலாநிதி ஆய்வு எவ்வளவு சிறிய துண்டு என்பதையும் சொல்லவேண்டும். ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் திணிவை அளந்து சேர்ன் ஆய்வுகூடத்தின் அட்லஸ், சீஎம்எஸ் குழுக்கள் 2015இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 பேரின் பெயர்கள் இருந்தன. 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போனது. அப்படியான குழுவில் ஒரு மாணவரின் பங்கு, உணர்கருவியின் ஒரு பகுதியை அளவுதிருத்துவதாக இருக்கலாம். அதுவும் முழுமையான கலாநிதி வேலைதான்.

வருடங்கள் எப்படிப் போகும்

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் சிறப்புப் பட்டத்தோடு நேராகச் சேரலாம். முதல் ஒன்றரை, இரண்டு வருடம் பாடங்கள். பழம்பொறிமுறை, மின்காந்தவியல், குவாண்டம் பொறிமுறை, புள்ளியியற் பொறிமுறை ஆகிய நான்கிலும் தகுதித் தேர்வு இருக்கும் துறைகள் பல. இரண்டு தடவைக்குள் சித்தியடையாவிட்டால் முதுமாணியோடு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் முழுநேர ஆய்வு. மொத்தம் ஆறு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் மூன்றரை, நான்கு வருடம், பாடங்கள் குறைவு. ஜேர்மனியில் பொதுவாக முதுமாணி முடித்திருக்கவேண்டும். இலங்கையில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, வேலை நன்றாகப் போனால் கலாநிதிக்கு உயர்த்திக்கொள்வது வழமையான பாதை.

ஆய்வின் நடுப்பகுதிதான் கடினம். முதல் வருடத்தில் எல்லாமே புதிது, கடைசி வருடத்தில் முடிக்கும் அவசரம். இடையில் ஒரு வருடம், சில வேளை அதற்கும் மேல், ஒன்றுமே சரிவராமல் போகும். கருவி பழுதாகி உதிரிப்பாகம் கப்பலில் வரும்வரை காத்திருக்கவேண்டும். நீங்கள் செய்துகொண்டிருப்பதை வேறொரு குழு முந்திக்கொண்டு வெளியிட்டுவிடும். இந்தக் காலத்தைத் தாங்கவைப்பது ஆய்வுக் குறிப்பேடு. திகதி, அறையின் வெப்பநிலை, ஈரலிப்பு, எந்தப் போத்தல் கரைசல், யார் கலக்கியது, எல்லாவற்றையும் பேனாவால் அன்றைக்கே எழுதவேண்டும். பிழை என்றால் ஒரு கோடு போட்டு வெட்டலாம், அழிக்கக்கூடாது. கார்த்திகையில் செய்த கலங்கள் மாத்திரம் ஏன் மோசம் என்ற கேள்விக்கு மூன்று மாதம் கழித்து விடை தரப்போவது அந்த ஈரலிப்பு எண்தான்.

பிறகு ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்களில் ஒருவராவது வெளியிலிருந்து வருவார். பயப்படவேண்டியது பெரிய கோட்பாட்டுக் கேள்விகளுக்கு இல்லை. "47ஆம் பக்க வரைபடத்தில் இந்த வழுக்கோட்டின் நீளம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். அதைச் சொல்லத் தெரியாதவர் அந்த வேலையைத் தானே செய்யவில்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். சிறு திருத்தங்களோடு ஏற்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

தோட்டத்திலிருந்து அங்கே போகும் வழி

தொடக்கம் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். முதல் தடையே இங்கேதான். தோட்டப் பகுதிகளில் இந்தப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் சொற்பம். இருக்கும் இடத்திலும் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாமல் ஹட்டனுக்கும் கண்டிக்கும் ரியூஷன் தேடி அலைவது தெரிந்த கதை. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. ஆனால் இந்த ஒதுக்கீடு மாவட்டத்துக்குத்தான், தோட்டத்துக்கு அல்ல. நகரப் பாடசாலைப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் போட்டியிடுகிறார்கள்.

பேராதனை விஞ்ஞான பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில். ஆர்முடுகல் என்று படித்தது ஒரே நாளில் அக்சலரேஷன் ஆகிவிடும், உந்தம் மொமெண்டம், கணத்தாக்கு இம்பல்ஸ், திணிவு மாஸ். உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் நீண்ட இடைவெளியில் இதைச் சரிக்கட்டலாம். ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டு, உயர்தரப் பாடத்திட்டத்தின் கலைச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், முந்நூறு சொல் தேறும். பௌதிகவியல் தெரியாததால் முதல் வருடத்தில் பின்தங்குகிறவர்களைவிடச் சொல் தெரியாததால் பின்தங்குகிறவர்கள்தான் அதிகம். அவர்களும் தங்களுக்குப் பௌதிகவியலே வராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், அதுதான் பரிதாபம்.

அடுத்த கதவு சிறப்புப் பட்டம். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளிநாட்டுக் கலாநிதிக்கு நேராகப் போவது கடினம். அநேக இடங்களில் நான்கு வருடம் கேட்பார்கள். சிறப்புக்குத் தெரிவு முதல் இரண்டு வருடப் பெறுபேறுகளில் நடக்கும், ஆகவே முதல் வருடத்தில் நழுவவிட்டதை நான்காம் வருடத்தில் பிடிக்கமுடியாது. பொதுவாக முதல் வகுப்புக்குப் புள்ளிச் சராசரி 3.70. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோடும் இடம் கிடைக்கிறது, நான்காம் வருட ஆய்வுச் செயற்றிட்டம் உருப்படியாக இருந்தால். அந்தச் செயற்றிட்டத்தை ஒப்பேற்றுவதற்காக மட்டும் செய்யாதீர்கள், கலாநிதி விண்ணப்பத்தில் பேசக்கூடிய ஒரே ஆய்வு அனுபவம் பெரும்பாலும் அதுதான்.

பட்டம் முடிந்து நேரே போக வசதிப்படாவிட்டால் கண்டியிலேயே தொடரலாம். அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் பட்டத்துக்குப் பதிந்துகொள்வது பலர் போன வழி. இன்னொன்று, நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது: இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம். வளர்ந்துவரும் நாடுகளின் மாணவருக்காக ஒரு வருட டிப்ளோமா அங்கே இருக்கிறது. கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவும் தருவார்கள். திண்மநிலை, உயர்சக்தி, புவித்தொகுதி பற்றிய பௌதிகவியல் எல்லாம் உண்டு. கலாநிதிக்குப் போகும் முன் இடைவெளியை நிரப்பவே அமைத்தது.

விண்ணப்பம்

அமெரிக்கத் துறைகளின் இறுதித் திகதிகள் மார்கழி தொடக்கத்துக்கும் தை நடுவுக்கும் இடையில் விழும். முடிவுகள் மாசி, பங்குனியில் வரும். உதவிப்பணத்தோடு வந்த இடத்தை ஏற்பதா என்று பெரும்பாலும் ஏப்ரல் 15க்குள் சொல்லவேண்டும். வகுப்பு ஓகஸ்டில் தொடங்கும். அப்படியானால் போகும் வருடத்துக்கு முந்திய வருடம் ஆனியிலேயே வேலை தொடங்கவேண்டும். பட்டப்பின் படிப்பு அனுமதிக்கான ஜீஆர்ஈ பௌதிகவியல் தேர்வை இப்போது கட்டாயமாக்காத துறைகள் பல, ஒவ்வொன்றின் பக்கத்தையும் தனித்தனியே பாருங்கள். ஆங்கிலத் தேர்வின் பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லும். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வோர் இடத்துக்கும் நூறு டொலரை ஒட்டி வரும். விலக்குக் கேட்டு எழுதினால் தரும் துறைகள் உண்டு, கேட்பதில் வெட்கமில்லை.

முதலில் பார்க்கவேண்டியது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, பாடசாலைச் சான்றிதழில் அப்பாவின் பெயர் வேறு மாதிரி. தோட்டப் பகுதிகளில் இது சர்வசாதாரணம். கடவுச்சீட்டு, பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பத்திரம், ஆங்கிலத் தேர்வு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இல்லாவிட்டால் தேர்வு மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். திருத்துவதற்கு மாதக்கணக்கில் அலையவேண்டிவரும், இரண்டாம் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள். முகவரிக்குத் தோட்ட முகவரி போடுவதிலும் யோசியுங்கள். லயத்துக்கு வரவேண்டிய கடிதம் தோட்டத்து ஒபீஸில் கிடந்து திகதி தவறிய சம்பவங்கள் ஒன்றிரண்டல்ல.

பரிந்துரைக் கடிதம் மூன்று. கட்டாயம் ஒன்று செயற்றிட்ட மேற்பார்வையாளருடையது. பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு பொது வரிகளைவிட, "பழுதான பம்பியைத் தானே கழற்றித் திருத்தினாள்" என்று எழுதக்கூடிய இளம் விரிவுரையாளரின் கடிதம் கனதி. இரண்டு மாதம் முன்னரே கேளுங்கள், செயற்றிட்ட அறிக்கையின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஐரோப்பா, கனடா, அவுஸ்திரேலியா என்றால் முதலில் ஒரு பேராசிரியர் ஏற்கவேண்டியிருக்கும். அவருக்கு எழுதும் மின்னஞ்சலில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "மதிப்புக்குரிய ஐயா, எனக்குப் பௌதிகவியலில் அளவற்ற ஆர்வம் உண்டு, தங்களின் எந்த ஆய்விலும் சேரத் தயார்" என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் நூறும் குப்பைக்குப் போகும். எட்டு வரி போதும். சாரம் இப்படி இருக்கட்டும்: "உங்கள் குழுவின் சென்ற வருடக் கட்டுரையில், நான்காம் வரைபடத்தில், படலம் 12 மைக்ரோமீற்றரைத் தாண்டியதும் மின்னோட்டம் விழுகிறது. எனது இறுதி வருடச் செயற்றிட்டத்திலும் அதே வீழ்ச்சி வந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது வெடிப்புகள் தெரிந்தன. அடுத்த வருடம் உங்கள் குழுவில் கலாநிதி மாணவருக்கு இடமுண்டா?" இப்படி எழுத அந்தக் கட்டுரையை வாசித்திருக்கவேண்டும். வாசிக்கப் பணம் தேவையில்லை: 1991இல் போல் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் பௌதிகவியலின் பெரும்பகுதி இலவசம். முதலில் வரைபடங்களையும் அச்சுகளில் எழுதியிருப்பதையும் பாருங்கள், பிறகு சுருக்கம், கடைசியில் உடல். முதல் கட்டுரைக்கு ஒரு வாரம் பிடிக்கும், அது வழமை.

காசு

பௌதிகவியலில் கலாநிதி மாணவர் பொதுவாகக் கட்டணம் கட்டிப் படிப்பதில்லை. இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், காணியை ஈடுவைக்கும் பேச்சு அதோடு நின்றுபோகும். அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை தந்து, கட்டணத்தைத் தள்ளிவிட்டு, வருடத்துக்கு ஏறத்தாழ 25,000 முதல் 45,000 டொலர் வரை உதவிப்பணம் தருவார்கள், ஊருக்கு ஏற்ப மாறும். ஜேர்மனியிலும் நோர்டிக் நாடுகளிலும் அது சம்பளம் உள்ள உத்தியோகம். அனுமதி தருகிறோம், காசு பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ஒரு பல்கலைக்கழகம் எழுதினால் இல்லை என்று எழுதியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தேவைப்படுவது தொடக்கச் செலவுதான்: தேர்வுகள், விசா, விமானச் சீட்டு, முதல் மாத வாடகையும் முற்பணமும். முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் இந்தச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும். இலங்கையில் உதவிப்பணம் பெரும்பாலும் ஆய்வு மானியத்தோடு கட்டுண்டது. மானியம் மூன்று வருடம், கருவி வந்துசேரவே ஒரு வருடம் என்றால் ஆய்வேடு எழுதும் நேரத்தில் காசு முடிந்திருக்கும். சேருமுன் மானியம் எந்த மாதம் முடிகிறது என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கடைசியாக, மேற்பார்வையாளர். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இவர் முக்கியம், ஏனென்றால் நான்கைந்து வருடம் முகம் பார்க்கப்போவது அவரைத்தான். அவரிடம் பேசுவதற்கு முன் அவருடைய மாணவர்களிடம் பேசுங்கள். கடைசியாக முடித்த மூவர் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? எழுதிக் கொடுத்த வரைவு எத்தனை நாளில் திரும்பி வருகிறது? வாரத்தில் எத்தனை தடவை சந்திக்கலாம்? முதல் ஆசிரியராக மாணவரின் பெயர் வருகிறதா? குழுவில் இருப்பவர்கள் சுற்றிவளைத்துப் பேசினால், இடையில் விட்டுப்போன ஒருவர் இருந்தால் அவரைத் தேடிப்பிடித்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.